நிரல் தைத்துத் தரும் பொறி

தைத்து வைத்த சட்டையைக் கடையில் வாங்கி அணிவோர் பலர். துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்து அளவுக்குத் தைத்துக்கொள்வோர் சிலர். கடைச் சட்டை உடனே கிடைத்துவிடும். ஆனால் கை சற்று நீளமாக இருக்கும், அல்லது தோள் இறுக்கும். அதற்காக யாரும் அதைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. பொறுத்துக்கொள்கிறோம்.

கணிப்பொறி நிரல்களின் நிலையும் நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. கணிப்பொறி செய்ய வேண்டியவற்றைப் படிப்படியாகக் கூறும் ஆணைகளின் தொடரே நிரல் என்பதை நீங்கள் அறிவீர்கள். இலட்சக்கணக்கானோருக்குப் பொதுவாகப் பயன்படும் நிரல்களைப் பெரிய நிறுவனங்கள் எழுதி விற்கின்றன. ஆனால் ஒரு மளிகைக் கடையின் கடன் கணக்கு, ஒரு விடுதியில் யார் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு, ஒரு கல்லூரி ஆய்வகத்தின் ஒரே ஒரு சோதனைக்கான கணக்கு ஆகியவற்றுக்கு யார் நிரல் எழுதித் தருவார்கள்? எழுதத் தெரிந்தவரைக் கூலிக்கு அமர்த்தினால், நிரலால் மிச்சமாகும் உழைப்பைவிடச் செலவு பெரிதாகிவிடும். எனவே இத்தகைய சிறு தேவைகள் காகிதத்திலேயே நின்றுவிட்டன.

அண்மைக் காலத்தில் இந்நிலை மாறியுள்ளது. நமக்கு வேண்டியதைப் பேச்சு நடையில் எழுதிக் கொடுத்தால், அதற்கான நிரலைச் சில நொடிகளில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. 2021 ஆம் ஆண்டில் நிரலாளர்களுக்குத் துணைபுரியும் கருவியாக ‘கிட்ஹப் கோபைலட்’ வெளிவந்தது. 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வந்தபின், நிரல் எழுதவே தெரியாதவர்களும் இவ்வழியில் இறங்கினர். 2025 பிப்ரவரியில் ஆந்திரே கர்பாத்தி என்னும் கணிப்பொறி அறிஞர், எழுதப்பட்ட நிரலைப் படித்துக்கூடப் பாராமல் பொறியிடம் கேட்டுக் கேட்டே ஒன்றை உருவாக்கும் இம்முறைக்கு ‘வைப் கோடிங்’ என்று பெயரிட்டார். வார இறுதியில் விளையாட்டாகச் செய்து பின்னர் தூக்கி எறியும் வேலைகளுக்கு இது மோசமில்லை என்பதே அவர் கருத்து. பெயர் பரவிய வேகத்தில் இந்தப் பின்குறிப்பு பரவவில்லை.

இத்தகைய தையற்காரரிடம் நானும் ஒரு சட்டை தைத்தேன். அதை அப்படியே உங்களுக்குக் கூறுவது, பொதுவாகப் பேசுவதைவிடப் பயன்தரும் என்று நினைக்கிறேன்.

ஆய்வகத்தில் ஒரு தேவை

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணைக் காணும் சோதனை மிகப் பழமையானது. நிறமாலைமானியின் நடுமேடையில் முப்பட்டகத்தை வைத்து, சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியை அதன் வழியே செலுத்துகிறோம். ஒளி திசைமாறி வெளிவருகிறது. மேடையை மெல்லச் சுழற்றினால், தொலைநோக்கியில் தெரியும் பிளவின் பிம்பம் ஒரு பக்கமாக நகர்ந்து சென்று, ஓரிடத்தில் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பும். அந்தத் தயக்கப் புள்ளியே சிறும திசைமாற்றத்தின் நிலை. முதன்முறை அதைக் காணும் மாணவரின் முகத்தில் தோன்றும் வியப்பை ஆண்டுதோறும் காண்கிறேன், எனக்குச் சலித்ததில்லை.

பின்னர் முப்பட்டகத்தை எடுத்துவிட்டு நேர்க்கதிரின் அளவீட்டையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே சிறும திசைமாற்றக் கோணம். முப்பட்டகக் கோணத்தோடு இதைக் கூட்டிப் பாதியாக்கி, அதன் சைன் மதிப்பைக் காண வேண்டும். அதை, முப்பட்டகக் கோணத்தின் பாதிக்குரிய சைன் மதிப்பால் வகுத்தால் ஒளிவிலகல் எண் கிடைக்கும்.

நிறமாலைமானியின் வட்ட அளவுகோலில் ஒவ்வொரு பாகையும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதன் 29 பிரிவுகளுக்குச் சமமான நீளத்தை வெர்னியரில் 30 ஆகப் பிரித்திருப்பார்கள். ஆகவே மீச்சிற்றளவு ஒரு நிமிடம். அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. (பஞ்சாங்கக் கணிதத்தில் இதைக் ‘கலை’ என்பர்.) இத்தகைய வெர்னியர்கள் இரண்டு, எதிரெதிரே அமைந்துள்ளன. எனவே ஒரு மாணவரின் கணக்கைச் சரிபார்க்க, கழித்தல், கூட்டல், சராசரி, சைன், வகுத்தல் என்று பத்து நிமிடமாவது ஆகும். ஒரு வகுப்பின் பதிவேடுகள் முழுவதையும் திருத்த இரண்டு மாலைப் பொழுதுகள் போய்விடும்.

நான் நிரல் எழுதக் கற்றவன்தான். ஆனால் எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று. எனவே ஒரு கருவியிடம் ஏழெட்டு வரிகளில் என் தேவையைக் கூறினேன்: இரு வெர்னியர்களின் அளவீடுகளையும் முப்பட்டகக் கோணத்தையும் உள்ளிட்டால் ஒளிவிலகல் எண்ணைத் தர வேண்டும். எடுத்துக்காட்டாக ஓர் அளவீட்டையும் கொடுத்தேன்: 341.20.

அரை நிமிடத்திற்குள் நிரல் வந்துவிட்டது. கட்டங்கள், பொத்தான், விடைக்கெனத் தனி இடம் என்று பார்க்கவும் அழகாக இருந்தது.

சோதித்துப் பார்க்காமல் ஏற்கக்கூடாது என்பது இயற்பியல் படித்தவனுக்குத் தெரியாதா? விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தேன். முப்பட்டகக் கோணம் 60 பாகை, திசைமாற்றம் 30 பாகை எனில் ஒளிவிலகல் எண் இரண்டின் வர்க்கமூலம், அதாவது 1.414 ஆக வேண்டும். வந்தது. திசைமாற்றம் 60 பாகை எனில் மூன்றின் வர்க்கமூலம், 1.732. அதுவும் வந்தது. திசைமாற்றமே இல்லையெனில் முப்பட்டகத்திற்கும் காற்றுக்கும் வேறுபாடில்லை. விடை 1 ஆக வேண்டும். அதுவும் சரி.

இன்னொரு பொறியும் வைத்தேன். வட்ட அளவுகோலில் 350 பாகையிலிருந்து 20 பாகைக்குத் தொலைநோக்கி நகர்ந்தால், இடையே 360 ஐக் கடந்துள்ளது. வேறுபாடு 330 அன்று, 30 தான். இதை நான் கருவியிடம் கூறவே இல்லை. தவறும் என்று எதிர்பார்த்தேன். தவறவில்லை! தானாகவே அதற்கு வழி செய்திருந்தது. அதன்பின் எனக்கு ஐயம் ஏதும் எழவில்லை. பதிவேடுகளைத் திருத்தத் தொடங்கினேன்.

சிவப்பு வட்டம்

மறுநாள் ஒரு மாணவி பதிவேட்டுடன் வந்தார். அவருடைய விடை 1.623. நிரல் 1.621 என்றதால் நான் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன்.

“சார், எங்கே தப்பு என்று தெரியவில்லை.”

“மறுபடியும் போட்டுப் பார்த்தாயா அம்மா?”

“அட்டவணையில் இரண்டு முறை பார்த்தேன் சார். 1.623 தான் வருகிறது.”

“கணிப்பொறி 1.621 என்கிறதே.”

அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “கணிப்பொறி எந்த அட்டவணையைப் பார்த்தது சார்?” என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். இருவரும் உட்கார்ந்து காகிதத்தில் போட்டோம். நேர்க்கதிர் 341 பாகை 20 நிமிடம். திசைமாறிய கதிர் 29 பாகை 50 நிமிடம். முதலாவதிலிருந்து 360 வரை 18 பாகை 40 நிமிடம். அதனோடு 29 பாகை 50 நிமிடத்தைக் கூட்டினால் 48 பாகை 30 நிமிடம். முப்பட்டகக் கோணம் 60 பாகை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 54 பாகை 15 நிமிடம். அட்டவணையில் இதன் சைன் 0.8116. இதை 0.5 ஆல் வகுக்க 1.623. அவர் கணக்கில் ஒரு குறையும் இல்லை.

பின்னர், இடையில் வரும் மதிப்புகளையும் காட்டுமாறு நிரலை மாற்றச் செய்து ஓட்டினேன். திசைமாற்றக் கோணம் என்ற இடத்தில் 48.3 என்று நின்றது.

உங்களில் பலர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் 341.20 என்று எழுதியது 341 பாகை 20 நிமிடம் என்ற பொருளில். ஆய்வகத்தில் துண்டுக் காகிதத்தில் நாங்கள் அப்படித்தான் குறித்துக்கொள்வோம். பொறியோ அதை முந்நூற்று நாற்பத்தொரு பாகையும் ஒரு பாகையில் பத்தில் இரண்டு பங்கும் என்று கொண்டது. 20 நிமிடம் என்பது பாகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லவா? கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இக்குழப்பம் எளிதில் விளங்கும். 12.3 ஓவர் என்றால் பன்னிரண்டு ஓவரும் மூன்று பந்தும். அதாவது பன்னிரண்டரை ஓவர். இரயில் கால அட்டவணையில் 18.40 என்றால் மாலை ஆறு மணி நாற்பது நிமிடம். புள்ளி ஒன்றுதான்; அதன் பொருள் இடத்துக்கு இடம் வேறு.

எனது சோதனைக் கணக்குகள் ஏன் இதைப் பிடிக்கவில்லை? 30, 60, 0, 350, 20 என எல்லாம் முழுப் பாகைகள்! நிமிடங்கள் இல்லாத இடத்தில் இப்பிழைக்கு வேலையே இல்லை. விடை எளிதாகத் தெரியும் கணக்குகளையே தேடி எடுத்தேன். எளிய விடை தருபவை முழு எண்களாகவே அமைந்துவிட்டன. நான்கு சோதனைகள் செய்தும் ஒரே இடத்தையே நான்கு முறை தட்டிப் பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னும் வேடிக்கையானது ஒன்று உண்டு. அதே முப்பட்டகத்தைக் கொண்டு இன்னொரு மாணவர் செய்த சோதனையில் நேர்க்கதிர் 1 பாகை 40 நிமிடம். திசைமாறிய கதிர் 50 பாகை 10 நிமிடம். வேறுபாடு அதே 48 பாகை 30 நிமிடம். நிரலோ 50.10 இலிருந்து 1.40 ஐக் கழித்து 48.70 என்று கொண்டு, 1.625 என விடை தந்திருந்தது. ஒருவருக்கு 0.002 குறைவு, மற்றவருக்கு 0.002 மிகுதி. இரண்டையும் சராசரி எடுத்தால் 1.623 என்ற சரியான விடையே வந்துவிடும்! இயற்பியல் ஆய்வகத்தில் அளவீடுகள் முன்னும் பின்னுமாகச் சிதறுவது இயல்பு. இப்பிழை அந்தச் சிதறலின் வேடத்திலேயே வந்தது. நானோ, மாணவர்கள் சரியாக வெர்னியரைப் படிக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கருவி காட்டும் மீச்சிற்றளவு ஒரு நிமிடம். நிரல் விழுங்கியதோ பன்னிரண்டு நிமிடங்கள்.

இரண்டாம் மாணவர் என்னிடம் வந்து கேட்கவில்லை. சிவப்பு வட்டத்தைக் கண்டதும் தம் சரியான விடையை அடித்துவிட்டு, பக்கத்தில் 1.625 என்று எழுதிவைத்திருந்தார். நிரலின் பிழையைவிட இதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது. அடுத்த வகுப்பில் எல்லாப் பதிவேடுகளையும் திரும்ப வாங்கி, வட்டங்களின் அருகே ‘விடை சரி; திருத்தியவர் பிழை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

பொறி ஏன் கேட்கவில்லை?

நல்ல தையற்காரர், நாம் ‘முப்பத்தெட்டு’ என்று சொன்னால், “அங்குலமா, சார்?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். இப்பொறி ஏன் கேட்கவில்லை? இதை அறிய அது இயங்கும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

‘முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றக்’ என்று நான் நிறுத்தினால், அடுத்த சொல் ‘கோணம்’ என்று நீங்களே கூறிவிடுவீர்கள். இதுபோன்ற தொடர்களைப் பலமுறை படித்திருப்பதால் இது இயல்கிறது. இக்கருவிகளின் உள்ளே இருக்கும் ‘மொழி மாதிரி’ செய்வதும் அடிப்படையில் இதையே. மனிதர் எழுதிய நூல்கள், கட்டுரைகள், நிரல்கள் ஆகியவற்றை மாபெரும் அளவில் ஊட்டி அதைப் பயிற்றுவிக்கின்றனர். இதுவரை வந்த எழுத்துத் துண்டுகளைப் பார்த்து, அடுத்து எந்தத் துண்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று அது கணக்கிடுகிறது; ஒன்றைத் தேர்கிறது; மீண்டும் கணக்கிடுகிறது. 2017 இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்ற அமைப்பு, நெடுந்தொலைவில் உள்ள சொற்களுக்கிடையேயும் தொடர்பு காண வழி செய்தது. இன்றைய மாதிரிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. பின்னர், மனிதர் விரும்பும் வகையில் விடை தரவும், சிக்கலைப் படிப்படியாக ஆராயவும் தனிப் பயிற்சியும் தரப்படுகிறது.

ஆக, நாம் சொல்லாமல் விட்ட இடங்களை அது உலக வழக்கத்தைக் கொண்டு நிரப்புகிறது. வட்டத்தில் 360 ஐக் கடக்கும் சிக்கல் திசைகாட்டி, காற்றின் திசை, கப்பற் பயணம் என எத்தனையோ நிரல்களில் வருவது. எனவே நான் சொல்லாமலே அதைச் சரியாகச் செய்தது. கோணத்தைப் புள்ளியுடன் எழுதினால் தசமப் பாகை என்பதும் நிரல் உலகில் பெருவழக்கு. எனவே 341.20 ஐயும் அவ்வாறே கொண்டது. இரண்டும் ஒரே குணத்தின் விளைவுகள். ஒன்றில் எனக்கு நன்மை, மற்றதில் தீமை. நமது ஆய்வகத் துண்டுக் காகிதத்தின் வழக்கம் அதன் படிப்பில் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கலாம். வாய்ப்புக் கணக்கில் அது தோற்றுவிட்டது.

பிழை அதனுடையதா, என்னுடையதா? பெரும்பகுதி என்னுடையதே. ஆனால் பிழையைச் சுட்டியவுடன் அது மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நொடியில் திருத்தித் தந்ததை நான் அவ்வளவாக இரசிக்கவில்லை.

மொழி நெருங்கி வந்த கதை

மனிதன் பேசும் மொழிக்கு அருகில் கணிப்பொறியைக் கொண்டுவரும் முயற்சி புதிதன்று. 1952 இல் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ‘யூனிவாக்’ கணிப்பொறிக்காக ‘ஏ-0’ என்ற தொகுப்பியை உருவாக்கினார். 1957 இல் ஜான் பேக்கஸ் குழுவினர் ஐ.பி.எம். நிறுவனத்தில் ‘ஃபோர்ட்ரான்’ மொழியை வெளியிட்டனர். அறிவியலார் தம் சூத்திரங்களை ஏறத்தாழ அப்படியே எழுத முடிந்தது. 1964 இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு கணித ஆசிரியர்கள், அறிவியல் படிக்காத மாணவர்களும் நிரல் எழுத வேண்டும் என்று ‘பேசிக்’ மொழியைத் தந்தனர். இப்போது வந்திருப்பதை இப்படிக்கட்டுகளில் அடுத்தது என்று கூறுவோர் உண்டு. நான் முழுதும் உடன்படவில்லை.

ஃபோர்ட்ரானில் எழுதிய ஒரு வரிக்குப் பொருள் ஒன்றே. அது மொழியின் இலக்கணத்தில் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. நாம் தவறாக எழுதலாம். ஆனால் எழுதியதற்கு என்ன பொருள் என்பதில் தகராறு இல்லை. பேச்சு மொழியில் எழுதிய வேண்டுகோள் அத்தகையதன்று. ஒரே வேண்டுகோளை இருமுறை கொடுத்தால் இருவேறு நிரல்கள் வரலாம். ஒன்று நிமிடத்தைப் பற்றிக் கேட்கலாம், மற்றது கேளாமல் விடலாம். முன்பு நாம் பொறியின் மொழிக்கு ஏறிச் சென்றோம். ஏறும் வழியிலேயே நம் எண்ணம் தெளிவடைந்தது. நானே அந்த நிரலை எழுதியிருந்தால், அளவீட்டைப் படிக்கும் வரியை எழுதும்போதே ‘நிமிடத்தை அறுபதால் வகுக்க வேண்டுமே’ என்று கை நின்றிருக்கும். அந்த நிறுத்தம் இப்போது இல்லை.

மனிதர் எழுதும் நிரல்களில் இப்பிழை வராது என்று எண்ணிவிட வேண்டாம். 1998 டிசம்பரில் ஏவப்பட்ட அமெரிக்காவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்ற செவ்வாய்க்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று அழிந்தது. தரையிலிருந்த ஒரு நிரல் கணத்தாக்கு மதிப்புகளைப் பவுண்டு விசை-நொடி அலகில் தந்தது; அவற்றைப் பெற்ற நிரலோ நியூட்டன்-நொடி என்று கொண்டது. ஏறத்தாழ நாலரை மடங்கு வேறுபாடு. ஒன்பது மாதப் பயணத்தில் வழி சிறிது சிறிதாக விலகி, கலம் செவ்வாய்க்கு மிக அருகே போய்விட்டது. இரு நிரல்களும் தனித்தனியே குறையின்றி ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஊமைப் பிழைகள்

நிரல் பிழைகளில் சில சத்தமிடும். எழுத்துப் பிழை இருந்தால் நிரல் ஓடவே ஓடாது. இன்றைய கருவிகள் தாம் எழுதிய நிரலைத் தாமே ஓட்டிப் பார்த்து, பிழைச் செய்தி வந்தால் தாமே திருத்தியும் விடுகின்றன. விடை அபத்தமாக வந்தாலும் நாம் விழித்துக்கொள்வோம். பாகையை ரேடியனாக மாற்ற மறந்திருந்தால், நமது முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் 0.756 என்று வந்திருக்கும். ஒன்றுக்குக் குறைந்த எண்ணைப் பார்த்ததுமே எந்த மாணவரும் சிரித்துவிடுவார். 360 ஐக் கடப்பதில் தவறியிருந்தால் எதிர்க்குறி எண்ணே வந்திருக்கும்.

1.621 அப்படிப்பட்டதன்று. ஃபிளின்ட் கண்ணாடிக்கு அது முற்றிலும் பொருத்தமான எண். ஓடுகிற நிரல், அழகான கட்டங்கள், நம்பத்தகுந்த விடை. இதில் எச்சரிக்கை எங்கிருந்து வரும்? கருவிகள் வளர வளரச் சத்தமிடும் பிழைகளை அவையே தீர்த்துவிடுகின்றன. நமக்கு மிஞ்சுபவை ஊமைப் பிழைகளே.

இதனால் இவ்வழியே வேண்டாம் என்று கூறவில்லை. இன்றும் அந்த நிரலைத்தான் பயன்படுத்துகிறேன். சிறு சொந்த நிரல்களுக்கு ஒரு தனி வசதி உண்டு: அந்தப் பொருளை உலகிலேயே நன்கு அறிந்தவர் நீங்கள்தான். மளிகைக் கடைக்காரருக்கு யாருடைய பாக்கி எவ்வளவு என்று மனத்திலேயே ஒரு கணக்கு இருக்கும். விடுதிக் கணக்கரிடம் சென்ற மாதத் தாள் இருக்கும். அதுவே சோதனைக்கு உரைகல். ஆனால் எடுத்துக்கொள்ளும் கணக்கு அழுக்கான கணக்காக இருக்க வேண்டும். முழு எண்கள் வேண்டாம். உண்மையில் நடந்த, நிமிடமும் பைசாவும் கலந்த, பாதியில் ஒருவர் ஊருக்குப் போய்வந்த கணக்கை எடுங்கள். அதைக் கையால் ஒருமுறை போட்டுவிட்டு, அதன் பிறகே பொறியிடம் செல்லுங்கள். முதலில் பொறியின் விடையைப் பார்த்துவிட்டால், நம் கை தானாகவே அதை நோக்கிச் சாய்ந்துவிடும். 1.625 என்று திருத்திக்கொண்ட மாணவரை எண்ணிப் பாருங்கள்.

நிரல் எழுதுமுன் ‘நீ எவற்றையெல்லாம் உன் விருப்பப்படி ஊகித்துக்கொள்ளப் போகிறாய்? பட்டியலிடு, ஐயம் இருந்தால் கேள்’ என்று ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. நான் பின்னர் இவ்வாறு கேட்டபோது, ‘கோணங்கள் தசமப் பாகையில் உள்ளன’ என்பது அதன் பட்டியலில் இரண்டாவதாக வந்தது! கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும். இடைமதிப்புகளைக் காட்டச் செய்வதும் அவ்வாறே. கடைசி விடையை மட்டும் தரும் நிரலைச் சரிபார்ப்பது, படிகள் இல்லாத விடைத்தாளைத் திருத்துவது போன்றது. மாணவர் பெயர், மதிப்பெண், கடன்காரர் விவரம் முதலிய பிறருடைய செய்திகளை இக்கருவிகளுக்கு ஊட்டாதீர்கள். கற்பனைப் பெயர்களே நிரல் எழுதப் போதும்.

எல்லாவற்றினும் மேலாக, பிழை நுழைய முடியாதபடி கட்டத்தையே மாற்றிவிடலாம். அறிவியல் கால்குலேட்டரில் பாகை-நிமிடங்களுக்கெனத் தனி விசை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வடிவமைத்தவர்கள் இந்தப் புள்ளியின் குறும்பை அறிந்தவர்கள். எனது நிரலிலும் இப்போது ஒவ்வோர் அளவீட்டுக்கும் பாகைக்கு ஒரு கட்டம், நிமிடத்துக்கு ஒரு கட்டம் என இரண்டு உள்ளன. புள்ளிக்கே இடமில்லை.

திருத்திய நிரலை முதலில் அந்த மாணவியிடமே கொடுத்தேன். 1 பாகை 40 நிமிடம், 50 பாகை 10 நிமிடம் என்பதைப் போட்டார். 48 பாகை 30 நிமிடம், 1.623 என்று வந்தது. எனக்கு நிம்மதி. அவர் விடவில்லை. நிமிடக் கட்டத்தில் 75 என்று அடித்துப் பொத்தானை அழுத்தினார். நிரல் மறுப்பேதும் சொல்லாமல் அதையும் ஏற்றுக்கொண்டு ஒரு விடையைத் தந்தது.

“சார், 75 நிமிடம் வெர்னியரில் வராதே” என்றார்.

அன்று மாலை அதையும் திருத்தினேன்.